ஐந்து பக்கக் கட்டுரையும் ஐந்தொகைக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் பிற்பாதியில் நம்முடைய செய்தித் தளங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே அச்சில் வார்த்த செய்தி ஒன்று வலம்வரும். "உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள் பட்டியலில் எம்மவர்" என்பது தலைப்பு. கீழே ஒரு படம், பல்கலைக்கழகத்தின் பெயர், பிறந்த ஊர், படித்த பாடசாலை, மேற்கோள்களின் எண்ணிக்கை. அவர் என்ன கண்டுபிடித்தார் என்ற ஒரு வரி மட்டும் அநேகமாக இருக்காது.

பெருமைப்படுவதில் பிழையில்லை. ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறைக்குள் ஆய்வுகூடம் வரைக்கும் போன ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொகையைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்போம்: இதை யார் எழுதினார், எந்த ஆதாரத்தில் எழுதினார், யார் கணக்காய்வு செய்தார்? விஞ்ஞானியின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த எண்ணையும் இப்படிக் கேட்டுப் பார்ப்பது அவசியமாகிவிட்டது. ஏனென்றால் அந்த எண்ணை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தெரிவுசெய்கிறோம், கடன் எடுக்கிறோம், ஊரிலுள்ள நிறுவனங்களுக்குப் பணம் சேர்த்து அனுப்புகிறோம்.

மேற்கோள் என்பது என்ன பதிவு?

ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது தனக்கு முன் வேலை செய்தவர்களின் கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுகிறார். அப்படிப் பட்டியலிடப்படும் ஒவ்வொரு தடவையும் பழைய கட்டுரையின் கணக்கில் ஒரு மேற்கோள் சேர்கிறது. இதைத் தொகுக்கும் யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955 இல் சயன்ஸ் இதழில் முன்வைத்தார். 1964 இல் அவருடைய மேற்கோள் சுட்டி வெளிவரத் தொடங்கியது. அவருக்கு முன்மாதிரியாக இருந்தது வழக்கறிஞர்கள் பயன்படுத்திய ஒரு ஏடு. ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று காட்டும் ஏடு அது. ஆரம்ப நோக்கம், தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பது. ஆட்களுக்குத் தரம் போடுவது பிறகு ஒட்டிக்கொண்ட வேலை.

2005 இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் எச்-குறியீட்டை அறிமுகம் செய்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு 20. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் வாழ்நாளில் இரண்டே இரண்டு கட்டுரை எழுதி, அவை ஒவ்வொன்றும் பத்தாயிரம் தடவை எடுத்தாளப்பட்ட ஒருவருக்கும் எச்-குறியீடு இரண்டுதான். அவரைவிடப் பத்துச் சராசரிக் கட்டுரை எழுதியவர் மேலே நிற்பார்.

இன்னொரு சிக்கல், ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு தொகை வருவது. கூகிள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் அச்சேறாத முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தான் ஏற்றுக்கொண்ட வெளியீடுகளை மட்டும் எண்ணும். கையிருப்புச் சரக்கை இரண்டு முறையில் மதிப்பிட்டால் இரண்டு இலாபம் வருவதைப் போன்றது இது. எந்த முறையில் எண்ணினார்கள் என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

மேற்கோளில் பற்று, வரவு என்ற பிரிவும் கிடையாது. ஒரு கட்டுரையைப் புகழ்ந்து எடுத்தாண்டாலும் ஒன்று, "இது பிழை" என்று எழுத எடுத்தாண்டாலும் ஒன்று.

மூன்று இலட்சமும் முதல் நூறில் இல்லாத இரட்டைச் சுருளும்

2014 இல் நேச்சர் இதழ் உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடத்தில் இருந்தது ஒலிவர் லௌறி என்பவர் குழுவாக 1951 இல் எழுதிய கட்டுரை. அதற்கு அப்போதே மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். அதன் உள்ளடக்கம், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் ஒரு செய்முறை. ஆய்வுகூடத்தில் புரதத்தை அளந்தவர்கள் எல்லாரும் சம்பிரதாயமாக அதைக் குறிப்பிட்டார்கள். பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. அளவுகோல் விற்றவனின் கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும்.

அந்த நூறில் இடம்பிடிக்கக் குறைந்தது 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. வாட்சனும் கிரிக்கும் 1953 இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை. மூலக்கூற்று உயிரியல் என்ற துறைக்கே அத்திவாரம் போட்ட கட்டுரை, மேற்கோள் கணக்கில் முதல் நூறுக்குள் வரவில்லை. காரணம் எளிது. ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் அதற்குப் பிறகு யாரும் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதுகிறவர் கொப்பர்னிக்கஸின் பெயரை அடிக்குறிப்பில் போடுவதில்லையே.

சென்னையில் எழுதப்பட்ட ஐந்து பக்கங்கள்

நம்முடைய பக்கத்தில் இதற்குச் சரியான சான்று ஜி. என். ராமச்சந்திரன். 1922 இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். துணைவேந்தராக அப்போது இருந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த பிரித்தானிய விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், நம் தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகள் கிடைத்தன. 1954 இலும் 1955 இலும் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மும்மடிச் சுருள் வடிவத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடிய அளவைவிட நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த தரவுகளை எல்லாம் சேகரித்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்குப் போட்டார். கணினி கிடையாது, மேசைக் கணிப்பானும் கையும்தான். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. அந்த இரண்டையும் ஒரு சதுரத்தில் வரைந்து, எந்தப் பகுதியில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும், எந்தப் பகுதியில் மோதும் என்று பிரித்துக் காட்டினார்கள். 1963 இல் மூலக்கூற்று உயிரியல் இதழின் ஏழாம் தொகுதியில் 95 முதல் 99 வரையான பக்கங்களில் அது வெளிவந்தது. ஐந்தே பக்கம்.

இன்று உலகில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்த்தாலும் அதை உலகப் புரதத் தரவு வங்கியில் வைப்பிலிட வேண்டும். 2023 தொடக்கத்தில் அந்த வங்கியில் இரண்டு இலட்சம் வடிவங்கள் சேர்ந்துவிட்டன. வைப்பிலிடும் வடிவத்துக்குக் கொடுக்கப்படும் சரிபார்ப்பு அறிக்கையில் தவறாமல் வரும் ஒரு சோதனை, ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்பது. 2024 இல் இரசாயனவியல் நோபல் பரிசு புரத வடிவமைப்புக்கும் செயற்கை நுண்ணறிவு கொண்டு புரத வடிவத்தைக் கணித்ததற்கும் போனது. அப்படிக் கணிக்கப்படும் வடிவங்கள் நம்பத்தக்கவையா என்று பார்ப்பதற்கும் அதே பழைய சதுரத்தைத்தான் விரிக்கிறார்கள்.

மேற்கோள் கணக்கு என்ன சொல்கிறது? நேச்சர் பட்டியலின் முதல் நூறில் ராமச்சந்திரனின் கட்டுரையும் இல்லை. மென்பொருள் தானாகவே வரைந்து தரும் ஒரு படத்துக்கு யார் மேற்கோள் போடுவார்? பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது. வணிகக் கணக்கில் இதற்குச் சமமானது நன்மதிப்பு. ஒரு கடையின் உண்மையான பெறுமதியில் பெரும்பகுதி அதுவாக இருக்கலாம். ஆனால் கடையை யாராவது விலைக்கு வாங்கும்வரை ஐந்தொகையில் அதற்கு ஒரு வரிகூட இராது.

எதிர்த்து எழுதப்பட்ட விமர்சனந்தான் அவரை அந்த வரைபடத்துக்குக் கொண்டுபோனது என்பதையும் கவனிக்க வேண்டும். கிரிக்கும் ரிச்சும் காட்டிய குறையைத் தரவுத்தளம் ஒரு வெறும் எண்ணாகத்தான் பதியும். அந்த எண்ணுக்குள்ளே ஒரு கண்டுபிடிப்பின் விதை இருந்தது அதற்குத் தெரியாது.

அவருடைய இன்னொரு கட்டுரையையும் குறிப்பிட வேண்டும். 1971 இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் எழுதியது. பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களிலிருந்து உள்ளுறுப்பின் குறுக்குவெட்டை மீட்டெடுக்கும் கணித வழி அது. சி.ரி. ஸ்கான் இயந்திரங்கள் பிற்காலத்தில் படத்தைக் கட்டியெழுப்பப் பயன்படுத்திய முறைகளில் அதற்கு முக்கிய இடமுண்டு. ஸ்கான் எடுத்துக்கொள்ளும் நோயாளி மேற்கோள் போடுவதில்லை. ராமச்சந்திரன் 1977 இல் றோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு கிடைக்காமலே 2001 இல் சென்னையில் காலமானார்.

வெறுமையாகத் தெரிந்த ஆண்டுகள்

நோபல் கிடைத்தவரின் கதையும் எண்களுக்குப் பெரிய ஆறுதல் தராது. 1952 இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976 இல் ஒஹாயோவில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டம் வாங்கிய பிறகு துறையே வேண்டாமென்று உயிரியலைத் தொடக்கத்திலிருந்து படிக்க சான்டியாகோவில் மாணவராகச் சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பயிற்சி முடித்தபின் ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. புரதத்தை நெய்யும் தறியான ரைபோசோமின் சிறிய அலகின் வடிவத்தை அவருடைய குழு 2000 ஆம் ஆண்டில்தான் வெளியிட்டது. பட்டத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் இடையில் 24 ஆண்டுகள். 2009 இல் நோபல், 2015 முதல் 2020 வரை றோயல் சொசைட்டியின் தலைவர் பதவி.

இன்று ஒரு இளைஞர் துறை மாறி, பெரிய கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பல ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் வெளியிடாமல் இருந்தால் என்ன நடக்கும்? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எச்-குறியீட்டைக் கேட்கும் நிறுவனத்தில் அவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா? எண்ணை மட்டும் பார்க்கும் முறை, சிறிய கேள்விகளைத் தேடிப் போகும்படி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பெற்றோரும் அதையே சொல்லிக்கொடுத்தால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

தமக்குத்தாமே எழுதிய பற்றுச்சீட்டுகள்

எண்ணுக்குக் காசும் பதவியும் கிடைக்கும் இடத்தில் எண்ணை உற்பத்தி செய்யும் தொழிலும் தொடங்கிவிடும். ஒரு முதலாளி தன் பெயரில் இரண்டு கம்பனி வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விற்றதாகப் பட்டியல் எழுதினால் விற்பனைத் தொகை எவ்வளவும் உயரும். பெட்டிக்குள் ஒரு சதமும் வராது. ஆய்வுலகில் இதன் பெயர் சுய மேற்கோள்.

சுய மேற்கோள் எல்லாமே களவு அல்ல. தன்னுடைய முந்தைய ஆய்வின் மேல் அடுத்ததைக் கட்டுகிறவர் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 2019 இல் ஸ்டான்ஃபோர்டின் ஜோன் அயனிடிஸும் சகாக்களும் ஏறக்குறைய ஒரு இலட்சம் விஞ்ஞானிகளின் கணக்கைத் திறந்து வைத்தார்கள். அதில் சுய மேற்கோளின் இடைநிலை அளவு 12.7 வீதம். அது இயல்பு. ஆனால் தம் மேற்கோள்களில் பாதிக்கு மேல் தம்மிடமிருந்தும் தம் இணை ஆசிரியர்களிடமிருந்துமே பெற்றவர்கள் குறைந்தது 250 பேர் இருந்தார்கள். சென்னையிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணினியியல் ஆய்வாளர் ஒருவருக்கு 2017 வரை அந்த அளவு 94 வீதம் என்று நேச்சர் எழுதியது. நம்மவர்கள் கொண்டாடும் "2 வீதப் பட்டியல்" அதே அயனிடிஸ் குழுவின் வேலைதான். அந்தத் தரவில் சுய மேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு நிரல்கள் உண்டு. செய்தி எழுதுகிறவர்கள் இரண்டாவது நிரலையும் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தனிமனிதரோடு இது நிற்கவில்லை. சென்னையின் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2023 யூனில் சயன்ஸ் இதழ் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் பரீட்சை மண்டபத்தில் எழுதும் கட்டுரைகள் பெருந்தொகையாக இதழ்களுக்குப் போவதையும், அவற்றில் அதே கல்லூரியின் மற்றக் கட்டுரைகள் நிறைய மேற்கோளாக வருவதையும் அது சுட்டிக்காட்டியது. உலகம் முழுவதும் 2023 இல் மட்டும் 10,000 க்கும் அதிகமான கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. பெரும்பகுதி ஒரே ஒரு பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அதிக மேற்கோள் பெற்றவர்களின் ஆண்டுப் பட்டியலை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023 இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களையும், 2024 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களையும் சந்தேகத்தின் பேரில் நீக்கியது. இந்தியாவின் தேசிய நிறுவனத் தரவரிசையும் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளுக்குப் புள்ளி குறைக்கும் முறையை 2025 இல் கொண்டுவந்தது. கணக்காய்வு தொடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. ஆனால் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுப்பது நிற்கும்வரை எண்ணிக்கை உற்பத்தியும் நிற்காது.

த்வாண்டே வயலிலிருந்து பார்த்தால்

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்வாளர்களுக்குள் நடக்கும் விவகாரம்போலத் தோன்றலாம். அப்படியல்ல என்பதற்குப் பர்மாவை எடுத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் பலருடைய முன்னோர் நடந்து நாடு கடந்த இடம் அது. 1942 இல் ஒருமுறை, 1964 தேசியமயமாக்கலுக்குப் பிறகு கப்பலில் மறுமுறை. போகாமல் தங்கியவர்களும் உண்டு.

யாங்கோன் நகரிலிருந்து ஆற்றைக் கடந்து தென்மேற்கே போனால் த்வாண்டே. மட்பாண்டத்துக்கும், யாங்கோன் ஆற்றை ஐராவதி டெல்டாவோடு இணைக்கும் கால்வாய்க்கும் பெயர்போன ஊர். சுற்றிலும் நெல்வயல். நெல்வயல் உள்ள இடத்தில் எலி, எலி உள்ள இடத்தில் கண்ணாடி விரியன். மியான்மரில் பாம்புக்கடி மரணங்களுக்கு முதன்மைக் காரணம் அந்தப் பாம்புதான். கடிபட்டவருக்கு இரத்தம் உறையாது, சிறுநீரகம் செயலிழக்கும். வயலில் இறங்கும் ஏழையின் நோய் இது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது.

யாழ்ப்பாணத்து வயலிலும் தஞ்சாவூர் வயலிலும் கண்ணாடி விரியன் உண்டு. ஆனால் கடியின் குறிகள் இடத்துக்கு இடம் வேறு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கண்ணிமை சோர்ந்து விழுவது போன்ற நரம்புக் குறிகள் சேர்ந்து வரும். மியான்மரில் மூளையடிச் சுரப்பிக்குள் இரத்தக் கசிவு ஏற்படுவதுண்டு. வேல்சின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஜர் தோர்ப்பும் இரண்டு சகாக்களும் இந்தப் பாம்புகளின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு 2007 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தெற்காசியப் பாம்பும் மியான்மர் முதல் கிழக்கே வாழும் பாம்பும் வெவ்வேறு இனங்கள் என்பதற்கு அது சான்று தந்தது. இன்று அவை இரண்டு தனிப் பெயர்களில் வழங்குகின்றன.

விஷமுறி மருந்து குறிப்பிட்ட இடத்துப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றித் தயாரிப்பது. பாம்பு வேறென்றால் மருந்தும் பொருந்தாமல் போகலாம். இந்தியாவின் விஷமுறி மருந்துக்குப் பெரும்பங்கு விஷம் தமிழ்நாட்டின் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978 இல் தொடங்கப்பட்டது அது. இலங்கை மருத்துவமனைகள் நெடுங்காலமாக அந்த இந்திய மருந்தையே நம்பியிருக்கின்றன. மியான்மர் தன் சொந்தப் பாம்பின் விஷத்தில் யாங்கோனிலுள்ள அரச தொழிற்சாலையில் சொந்த மருந்து தயாரிக்கிறது. த்வாண்டே வயலில் கடிபட்டவருக்கு எந்த மருந்து என்ற கேள்வியோடு நேரே தொடர்புடைய ஆய்வு இது. ஆனால் பாம்பு மூலக்கூற்றியலில் வேலை செய்கிறவர்கள் உலகில் சொற்பம். சொற்பம் பேர் எழுதினால் சொற்ப மேற்கோள்தான் விழும். புற்றுநோய் ஆய்வாளரின் எச்-குறியீட்டோடு விரியன் ஆய்வாளரின் குறியீட்டை ஒப்பிடுவது, பேரங்காடியின் விற்றுமுதலோடு கிராமத்துச் சங்கக்கடையின் விற்றுமுதலை ஒப்பிடுவது போன்றது. ஊருக்கு எது இல்லாவிட்டால் அடுப்பெரியாது என்பதை விற்றுமுதல் சொல்லாது.

கடை மூடிய பின்னும் வரும் வசூல்

மியான்மரிலிருந்தே இன்னொரு சான்று. 2014 இல் மலேரியா ஒட்டுண்ணியின் கே13 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் ஆர்ட்டெமிசினின் மருந்துக்கு எதிர்ப்பைக் காட்டும் அடையாளம் என்று கம்போடிய மாதிரிகளிலிருந்து தெரியவந்தது. 2015 இல் மியான்மர் ஆய்வாளரை முதலாசிரியராகக் கொண்ட குழு, அந்த அடையாளத்தை வைத்து மியான்மரிலும் அதன் எல்லைப் பகுதிகளிலும் 55 மலேரியா சிகிச்சை நிலையங்களில் எடுத்த 940 மாதிரிகளைச் சோதித்தது. 371 மாதிரிகளில், அதாவது 39 வீதத்தில், கே13 மாற்றம் இருந்தது. இந்திய எல்லையிலிருந்து 25 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஹோமலினில்கூட 45 இல் 21. இந்தியத் துணைக்கண்டத்தின் வாசலில் மருந்தெதிர்ப்பு வந்து நிற்கிறது என்ற எச்சரிக்கை அது. பரவலாக மேற்கோளும் காட்டப்பட்டது.

2021 பெப்ரவரி 1 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் வேலையைப் புறக்கணித்தார்கள். அந்த மே மாதத்தில் 11,000 க்கும் அதிகமான பல்கலைக்கழகப் பணியாளர்கள் இடைநிறுத்தப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி கூறியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 இல் 78,000 ஆக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2022 இல் 584,000 ஆனது.

இங்கே மேற்கோள் கணக்கின் பெரிய குறை ஒன்று வெளிப்படுகிறது. கடையைப் பூட்டிய பின்னும் பழைய கடன்பட்டோரிடமிருந்து பணம் வந்துகொண்டிருக்கும். வங்கிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு வியாபாரம் ஓடுவதாகத் தோன்றும். 2015 இல் எழுதிய கட்டுரைக்கு 2021 க்குப் பிறகும் மேற்கோள் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எழுத உதவிய சிகிச்சை நிலையம் இன்று திறந்திருக்கிறதா, மாதிரி எடுத்த தாதி வேலையில் இருக்கிறாரா, இல்லை எல்லை கடந்து முகாமில் இருக்கிறாரா என்பது அந்த எண்ணில் தெரியாது. போரும் நாடுகடத்தலும் ஒரு ஆய்வுச் சமூகத்தைக் கலைக்கும்போது எண்கள் சில ஆண்டுகள் உயர்ந்துகொண்டே போகலாம். இலங்கையின் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வெளியேறிய பிறகும் பழைய பெயர்ப்பலகைகள் நெடுநாள் தொங்கிய ஊர்கள் நமக்குத் தெரியும்.

எதைக் கேட்க வேண்டும்?

எண்ணே வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். தொகை இல்லாத கணக்கு கிடையாது. ஆய்வுலகமே இதை உணர்ந்திருக்கிறது. 2012 இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்களின் மாநாட்டை ஒட்டி ஒரு பிரகடனம் எழுதப்பட்டது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிட வேண்டாம், வேலையைப் படித்து மதிப்பிடுங்கள் என்பது அதன் சாரம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் நடந்துகொள்கிறார்களா என்பது வேறு விடயம்.

குடும்பங்களாக நாம் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வுக்குப் போக விரும்பினால் அவருடைய மேற்கோள் தொகையை முதலில் பார்க்க வேண்டாம். அவருடைய முக்கியமான மூன்று கட்டுரைகள் எவை, அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பிள்ளையையே கேளுங்கள். பிள்ளைக்கு அதைச் சாதாரண தமிழில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, சுய மேற்கோளை நீக்கினால் தொகை எவ்வளவு குறைகிறது, மீளப்பெறப்பட்ட கட்டுரை உண்டா, கட்டுரைகளில் மாணவர்களின் பெயர் முதலில் வருகிறதா, அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. பழைய மாணவர் ஒருவரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் தெரிந்துவிடும்.

ஊரிலுள்ள கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ பணம் சேர்க்கும் சங்கங்களும் இதையே செய்யலாம். தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று கேட்பதைவிட, நன்கொடையால் எந்த நோயாளிக்கு எந்தச் சோதனை புதிதாகக் கிடைக்கும் என்று கேட்பது பணத்துக்குப் பாதுகாப்பு. பாம்புக்கடி, சிறுநீரக நோய், டெங்கு என்று நம் மண்ணின் நோய்களில் வேலை செய்கிறவர்கள் பெரிய எண்ணோடு வரமாட்டார்கள். அவர்களைத் தேடிப் போகவேண்டியது நாம்தான்.

எங்களைப் போன்ற தளங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த பட்டியல் வெளிவரும்போது நம்மவர் பெயர் இருந்தால் மகிழ்ச்சியோடு போடுவோம். கூடவே மூன்று வரி சேர்ப்போம்: அவர் கண்டது என்ன, அதனால் யாருக்கு என்ன மாறியது, அந்த வேலையில் அவரோடு நின்றவர்கள் யார். அந்த மூன்று வரியை எழுதுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் அரை நாள் வாசிப்பும் தேவைப்படும். அந்தச் செலவைச் செய்ய ஆயத்தமில்லாத இடத்தில் எண்ணை மட்டும் பிரசுரிக்காமல் இருப்பதே மேல்.